‘கையைப் பொறுத்தது’ என்று சொன்ன கணவருக்கு

கேள்வி:

எனக்கு வயது 66. அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கும்பகோணத்தில் மனைவி, மகன், மருமகள், பேரனுடன் வசிக்கிறேன். நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் நாங்கள் ஐந்து பேர் ரம்மி ஆட உட்காருவோம். எட்டரை மணிக்கு அந்த வீட்டு அம்மாள் மேலே வந்து விளக்கை அணைத்ததும் எழுந்திருப்போம். பாயின்ட்டுக்குப் பத்துப் பைசா. 2011-ஆம் ஆண்டு பத்துப் பைசா செல்லாக்காசான பிறகும் நாங்கள் பந்தயத்தை உயர்த்தவில்லை. நோட்டில் எழுதிவைத்து மாதக் கடைசியில் தீர்த்துக்கொள்கிறோம். சென்ற ஆண்டு முழுவதற்கும் சேர்த்து நான் தோற்ற தொகை 214 ரூபாய்.

என் மனைவி என்மீது நீண்ட குற்றப்பத்திரிகை வைத்திருக்கிறாள். எதையும் நான் மறுக்கவில்லை. என் தங்கை மகளின் திருமணத்தன்று, முதல் நாள் இரவு தொடங்கிய ஆட்டம் விடிந்தும் முடியவில்லை. கெட்டிமேளம் கேட்டபோது கையில் இயற்கை ரம்மி சேர்ந்து, ஒரே ஒரு சீட்டுக்குக் காத்திருந்தேன். ஆகவே தாய்மாமனாகிய நான், ஜமக்காளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே அட்சதையை மேடைப் பக்கம் எறிந்தேன். ஒருமுறை ரயிலில் ஆடிக்கொண்டு சென்று, தாம்பரத்தில் இறங்க வேண்டியவர்கள் எழும்பூரில் இறங்கினோம். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, இனி ஆட்டினையும் டைமனையும் தடுமாறாமல் பிரித்தறிய முடியுமா என்பதுதான். 2020 ஊரடங்கின்போது ஐந்து பேருக்கும் நானே சீட்டுப் போட்டு, ஐந்து கைகளையும் நானே ஆடினேன். வராதவர்களின் தோல்விக் கணக்கும் நோட்டில் இருக்கிறது. பேரனைப் பள்ளியில் எண்ணச் சொன்னபோது, எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா என்று எண்ணியிருக்கிறான். மருமகன் ஒருவன் கைப்பேசியில் ரம்மி ஆடக் கற்றுத்தந்தான். மூன்று நாளில் விட்டுவிட்டேன். சீட்டுக் கலைக்கும் சத்தம் இல்லாத ஆட்டம் ஓர் ஆட்டமா?

(1994 தீபாவளிக்கு மறுநாள் வந்த ஒரு கையைப் பற்றிய ஒன்றரைப் பக்கம் இங்கே சுருக்கப்பட்டுள்ளது.)

இப்போது வந்திருக்கும் சிக்கல் வேறு. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரமாக வீட்டில் இருக்கும் என் மனைவி, சென்ற வாரத்துக்கு முந்தைய வாரம் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, “நான் செத்துக் கிடந்தாலும் கையிலிருக்கிற ஆட்டத்தை முடிச்சிட்டுத்தான் வருவீங்க, இல்லையா?” என்று கேட்டாள். நான் விளையாட்டாக, “கையைப் பொறுத்தது” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பதினோரு நாள் அவள் என்னுடன் பேசவில்லை. மகனும் முகம் கொடுப்பதில்லை.

இது நோயா? சீட்டாட்டம் ஞாபகசக்திக்கு நல்லது என்று மருத்துவர்களே சொல்வதாகப் படித்திருக்கிறேன். அதை உங்கள் பெயர் அச்சிட்ட தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் லேமினேட் செய்து கூடத்தில் மாட்டிவிடுவேன். மகன் இதைக் குற்றம் என்கிறான். எங்கள் குழுவிலுள்ள துணிக்கடைக்காரர், உச்ச நீதிமன்றமே ரம்மியை அனுமதித்திருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை நான் இருமுறை படித்தேன். முதல் முறை சிரித்துக்கொண்டே படித்தேன், இரண்டாம் முறை அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. இரண்டையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. கேட்ட வரிசையிலேயே விடை சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத கேள்விக்குத்தான் அதிக இடம் தேவைப்படும் என்பதால், கேட்டவற்றைச் சற்று விரைவாகக் கடக்க அனுமதியுங்கள்.

நோயா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பில், சூதாட்டக் கோளாறு என்று ஒரு நோய் இருக்கிறது. ஆட்டத்தை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கைவிட்டுப் போதல், வாழ்வின் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஆட்டம் முன்னால் வந்து உட்காருதல், கேடு விளைவதைக் கண்ணெதிரே கண்டும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டு அளவாவது நீடித்து, குடும்பத்திலும் பிழைப்பிலும் குறிப்பிடத்தக்க பாதிப்பை உண்டாக்கியிருந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வோம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட கையேடு இதையே ஒன்பது அறிகுறிகளாகப் பிரித்து, ஒரே ஆண்டுக்குள் அவற்றில் நான்காவது இருக்க வேண்டும் என்கிறது. அதே கிளர்ச்சிக்காகப் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போவது, விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்பி ஓடுவது, எவ்வளவு போனது என்று வீட்டில் பொய் சொல்வது, கடன் வாங்குவது, நிறுத்த முயன்று முயன்று தோற்பது போன்றவை அந்த ஒன்பதில் அடங்கும்.

உங்களை அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். செல்லாக்காசான பின்னும் பந்தயத்தைப் பத்துப் பைசாவிலேயே வைத்திருப்பவரைப் பந்தயம் ஏற்றுபவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழுக்கை மாட்டி 80 பாயின்ட் போனாலும் எட்டு ரூபாய். அந்தப் பணத்துக்கு உங்கள் ஊரில் ஒரு டிகிரி காப்பி கிடைக்காது. பொய் சொல்லும் வாய்ப்பும் உங்களுக்கு இல்லை, ஏனென்றால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது தெருவுக்கே தெரியும். நினைப்பெல்லாம் ஆட்டத்தின் மீதே இருப்பது என்ற அறிகுறி உங்களுக்குக் கேள்விக்கு இடமின்றி இருக்கிறது. நெருங்கிய உறவுக்கு ஊறு நேர்வது என்பதையும் இந்தப் பதினோரு நாட்களை வைத்து வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். ஆக இரண்டு. மீதி இரண்டை நீங்கள் யாரிடமாவது கடன் வாங்கினால்தான் உண்டு. ஆகவே கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்லக்கூடிய அளவில், உங்களுக்கு இருப்பது நோயன்று. நம் ஊரில் சீட்டுப் பைத்தியம் என்று செல்லமாகவும் எரிச்சலாகவும் சொல்வார்களே, அதுதான்.

நீங்கள் கைப்பேசி ஆட்டத்தை மூன்றே நாளில் விட்டதற்குச் சொன்ன காரணம், நீங்கள் எண்ணுவதைவிட ஆழமானது. மாடியில் ஆடும் ஆட்டத்துக்குத் தானாகவே அமைந்த வேகத்தடைகள் பல உண்டு. ஒருவர் கலைக்க வேண்டும், ஒருவர் வெட்ட வேண்டும், ஒருவர் வெற்றிலை போட்டு முடிக்க வேண்டும், தோற்றவர் தாம் ஏன் தோற்றோம் என்பதை ஐந்து நிமிடமாவது விளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எட்டரை மணிக்கு ஓர் அம்மாள் வந்து விளக்கை அணைக்கிறார். கைப்பேசிக்குள் அப்படி ஓர் அம்மாள் இல்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கும் அங்கே எதிராளி தயாராக இருப்பார். பணம் போவது கண்ணில் படாது. அந்த வழியில் வீட்டையும் நகையையும் இழந்து என் எதிரே வந்து உட்கார்ந்தவர்களுள் ஒருவர்கூட ஊர் சிரிக்கும்படி ஆடியவரல்லர். மனைவிக்குத் தெரியாமல் போர்வைக்குள் ஆடியவர்கள்தாம். உங்கள் ஆட்டத்தின் சத்தம்தான் உங்களைக் காப்பாற்றிவருகிறது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை, திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ வேறுபாடின்றி, 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடைசெய்துவிட்டது. ஆயினும் வெளிநாட்டுச் செயலி ஒன்றை மருமகன் மறுபடி ஏற்றித் தர முன்வந்தால், அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டு மறுத்துவிடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் துணிக்கடை நண்பர் முக்கால் பங்கு சரி. செகந்தராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் பணம் வைத்து ரம்மி ஆடியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்று சீட்டு ஆட்டத்தைப் போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பியதன்று, விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளவும் எதை வைத்திருப்பது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கவும் கணிசமான திறமை வேண்டும் என்று கூறியது. அதே தீர்ப்பிலேயே, ஆட்டத்தை நடத்துபவர் அதிலிருந்து லாபம் பார்ப்பதற்குச் சான்று இருந்தால் கதை வேறு என்றும் கோடிட்டுக் காட்டியது. நண்பரின் மாடியில் யாரும் கமிஷன் எடுப்பதில்லை என்றே நினைக்கிறேன். இதற்கு மேல் ஐயம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். நான் மனத்தைப் பார்க்கிறவள், சட்டத்தைப் பார்க்கிறவள் அல்லள்.

இனி சான்றிதழ். நீங்கள் படித்தது பெரும்பாலும் 2003-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வைப் பற்றியதாக இருக்கலாம். 75 வயதைக் கடந்த 469 பேரைச் சுமார் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வாசிப்பவர்கள், இசைக்கருவி வாசிப்பவர்கள், பலகை ஆட்டமோ சீட்டாட்டமோ ஆடுபவர்கள் ஆகியோருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு குறைவாகக் காணப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் ஆடியதால் மூளை தேயாமல் இருந்ததா, மூளை தேயாதவர்கள்தாம் தொடர்ந்து ஆட முடிந்ததா என்பதை இத்தகைய ஆய்வு முழுமையாகப் பிரித்துக் காட்டிவிடாது. மறதிநோய் வெளியே தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே மனிதர்கள் இத்தகைய ஆட்டங்களிலிருந்து மெல்ல ஒதுங்கத் தொடங்கிவிடுவதுண்டு. தவிர, அதே ஆய்வில் உடலுழைப்புச் சார்ந்த பொழுதுபோக்குகளுள் ஒன்றே ஒன்றுதான் பலன் காட்டியது. அது நடனம். என் கையெழுத்திட்ட தாளைக் கூடத்தில் நீங்கள் மாட்டினால், முழங்கால் சரியானதும் உங்கள் மனைவி அதே தாளைக் காட்டி உங்களை நாட்டிய வகுப்பில் சேர்த்துவிடும் அபாயம் இருக்கிறது. நான்கரை மணி நேரம் சம்மணமிட்டு உட்காருவதால் உங்கள் காலுக்கும் சர்க்கரைக்கும் ஆகும் செலவையும் அந்தத் தாளில் எழுத வேண்டியிருக்கும். ஆகையால் சான்றிதழ் தர இயலாது.

கேட்டவை முடிந்தன. இனி நீங்கள் கேட்காதது.

ஐயா, உங்கள் கடிதம் நான்கு முழுப் பக்கம். அதில் 1994-ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் உங்களுக்கு வந்த கை, சீட்டு சீட்டாக எழுதப்பட்டிருக்கிறது. எந்தச் சீட்டை எந்த முறையில் கழித்தீர்கள், கிளாவர் ஒன்பது யாருடைய கையில் மாட்டிக்கொண்டிருந்தது என்பதுவரை இருக்கிறது. உங்கள் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்ததாக ஒரு வாக்கியத்தின் முன்பாதியில் எழுதியிருக்கிறீர்கள். எந்த முழங்கால், இடதா வலதா, எங்கும் இல்லை. அவர் எத்தனை நாள் மருத்துவமனையில் இருந்தார், இப்போது எவ்வளவு தூரம் நடக்கிறார், இரவில் வலி இருக்கிறதா, குளியலறைக்குச் செல்ல யார் கை கொடுக்கிறார்கள் என்பவையும் இல்லை. இரண்டாம் முறை எனக்குச் சிரிப்பு வராமல் போனது இந்த இடத்தில்தான்.

முப்பது ஆண்டுக்கு முந்தைய கை நினைவில் நிற்பதற்கு நீங்கள் பொறுப்பல்ல. மனித மனம் அப்படி அமைந்தது. ஒரே ஒரு கட்டிலிருந்து பதின்மூன்று சீட்டு எடுத்தாலே வரக்கூடிய கைகள் 63,501 கோடிக்கும் மேல். நீங்கள் ஆடுவதோ இரண்டு மூன்று கட்டுகளைக் கலந்து. ஒரே கை இரண்டு முறை வராது. அடுத்த சீட்டில் எதிர்பார்த்தது வருமா வராதா என்று தெரியாத நிலையில்தான் மனம் மிகுந்த விழிப்போடு இருக்கிறது. எப்போதும் கிடைக்கும் பரிசைவிட எப்போதாவது கிடைக்கும் பரிசு உயிர்களை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதை உளவியலார் புறாக்களை வைத்தே காட்டியிருக்கிறார்கள். தினமும் காலை ஆறு மணிக்குத் தவறாமல் வரும் காப்பிக்கு அந்த ஈர்ப்பு இல்லை. மனைவி போட்டுக் கொடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட காப்பிகளுள் ஒன்றுகூட உங்கள் நினைவில் நிற்காமல், இஸ்பேட் ராணி வந்து விழுந்த அந்த ஒரு நொடி நிற்பதன் காரணம் இதுதான். காரணம் இது என்பதைத்தான் சொல்கிறேன். இது போதுமான சாக்கு என்று சொல்லவில்லை.

ஆனால் ஆட்டத்தின் ஈர்ப்பு சீட்டுகளில் மட்டும் இருப்பதாக நான் நம்பவில்லை. அப்படி இருந்தால் கைப்பேசியும் உங்களைப் பிடித்திருக்கும். ஊரடங்கின்போது நீங்கள் வராதவர்களின் பெயரிலும் கை போட்டிருக்கமாட்டீர்கள். அந்தச் செய்தியை நான் வேடிக்கையாகவே படித்தேன், பிறகு மனத்தைத் தொட்டது. நீங்கள் ஆடியது ரம்மி அன்று. அந்த நால்வரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டிருந்தீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதிய ஒருவர் ஓய்வு பெற்ற மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்கிறார், அலுவலகம் வழக்கம்போல் நடக்கிறது. என்னிடம் வரும் ஓய்வூதியர்கள் பலருக்கு இந்தக் காட்சி உண்டாக்கிய காயம் பணக் குறைவால் உண்டானதைவிடப் பெரியது. உங்களுக்கோ, நீங்கள் நாலே கால் ஆகியும் வராவிட்டால் பையனை அனுப்பித் தேடும் ஓர் இடம் இருக்கிறது. இந்த வயதில் அது கிடைத்தற்கரிய செல்வம். அதை விட்டுவிடச் சொல்லும் ஆலோசகர் எவரையும் நம்பாதீர்கள்; நானும் சொல்லமாட்டேன்.

அதே கணக்கை உங்கள் மனைவிக்கும் போட்டுப் பாருங்கள். முழங்காலில் தையலோடு வீட்டில் அடைந்து கிடக்கும் அவரை, நாலே கால் ஆகியும் காணோமே என்று தேடி வருபவர்கள் யார்? கோயிலுக்கும் காய்கறிக்கடைக்கும் போய்வந்தபோது வாசலில் நின்று நாலு வார்த்தை பேசியவர்கள் இருந்திருப்பார்கள். மூன்று வாரமாக அதுவும் இல்லை. அவருடைய நாளில் அவரைத் தேடக்கூடியவராக மிஞ்சியிருப்பவர் நீங்கள் ஒருவர்தான், நீங்களும் மூன்றே முக்காலுக்குச் சட்டையை மாட்டிக்கொள்கிறீர்கள். “நான் செத்துக் கிடந்தாலும்” என்று அவர் கேட்டது சீட்டைப் பற்றிய கேள்வியே அன்று. கல்யாண மண்டபத்தில் எறிந்த அட்சதையையும் எழும்பூரில் இறங்கியதையும் அவர் உறவினர்களிடம் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருப்பார் என்று பந்தயம் கட்டுவேன், பாயின்ட்டுக்குப் பத்துப் பைசா வீதம். இந்த முறை அவர் சிரிக்கும் நிலையில் இல்லாமல் கேட்டார். நீங்கள் பழைய கணக்கில் சிரிப்பாக விடை சொன்னீர்கள். விடையில் பொய் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பார். அது உண்மையாக இருந்துவிடக் கூடும் என்ற அச்சம்தான் பதினோரு நாள் மௌனமாகியிருக்கிறது.

என்ன செய்யலாம்? நல்ல வேளையாக, உங்களுக்கு விளங்கும் மொழியிலேயே சொல்ல முடியும். கை வாய்க்கவில்லை என்று தெரிந்தால் முதலிலேயே ஸ்கூட் விட்டால், அதாவது அந்த ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டால், 20 பாயின்ட்டோடு போகும். ஒரு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டு விட்டால் 40. இல்லை, இறங்கித்தான் தீருவேன் என்று கடைசிவரை கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் 80. தேர்ந்த ஆட்டக்காரரின் அடையாளம் வெல்வதில் இல்லை, காலத்தில் ஸ்கூட் விடுவதில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்று மாலையே சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இருபதோடு முடிந்திருக்கும். பதினோரு நாளாகக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, நான் தரும் தாளை ஜோக்கராகச் செருகி ஆட்டத்தை வென்றுவிட முடியுமா என்றும் பார்க்கிறீர்கள். இப்போது நாற்பதுக்கு விட்டுவிடுங்கள். இன்று, இந்தப் பதிலைப் படித்து முடித்த கையோடு.

மன்னிப்பு கேட்பதில் ஒரே ஓர் எச்சரிக்கை: நகைச்சுவை வேண்டாம். ஓர் உவமை, ஒரு சிலேடை, ஒரு சீட்டுப் பெயர்கூட அதில் வரக்கூடாது. நீங்கள் இயல்பாகவே வேடிக்கையாகப் பேசுபவர் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது, அதனால்தான் சொல்கிறேன். “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, கால் இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, அவர் விடை சொல்லும்வரை எழுந்திருக்காமல் இருங்கள். அவர் உடனே பேசாமல் போகலாம், திட்டவும் கூடும். பதினோரு நாள் சேர்த்துவைத்தது கொஞ்சம் நீளமாகவே வரும். இடையில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், அவர் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது முழங்கால். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகான முதல் சில வாரங்களில் மடக்கி நீட்டும் பயிற்சிகளை நாள்தோறும் விடாமல் செய்வதைப் பொறுத்தே கால் பின்னாளில் எவ்வளவு மடங்கும் என்பது பெரிதும் அமையும். வலிக்கும் என்பதால் தனியாக இருக்கும் நோயாளிகள் அதைத்தான் முதலில் தட்டிக்கழிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்ல ஓர் ஆள் வேண்டும். எண்ணுவதிலும் நோட்டில் எழுதுவதிலும் உங்களைவிடத் தகுதியான ஆள் அந்த வீட்டில் இல்லை. உங்கள் மகனும் மருமகளும் இதுவரை அதைச் செய்துவருகிறார்கள் என்றால், மாலைப் பயிற்சியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதை இயன்மருத்துவரிடம் நீங்களே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டத்தை நான்கு மணிக்குப் பதிலாக ஆறு மணிக்குத் தொடங்கினால் என்ன? ஐந்து பேரும் ஓய்வு பெற்றவர்கள் என்றால் யாருக்கும் அவசரம் இருக்க நியாயமில்லை. கடை வைத்திருப்பவருக்கு மட்டும் கொஞ்சம் சிரமம், அவர் உச்ச நீதிமன்றத்தையே துணைக்கு அழைக்கத் தெரிந்தவர், சமாளித்துக்கொள்வார். ஆறு முதல் எட்டரை வரை ஆடினாலும் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. நான் எந்த வேலையையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

மனைவிக்கும் ரம்மி கற்றுக்கொடுத்துவிட்டால் சிக்கல் தீருமே என்று உங்களுக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். இந்தத் துறைக்கு வந்த புதிதில் நானும் பல தம்பதியருக்கு அந்த ஆலோசனையைக் கொடுத்திருக்கிறேன்; இப்போது அவ்வளவு தாராளமாகக் கொடுப்பதில்லை. 1929-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி நகரத்தில் கணவனும் மனைவியும் கூட்டாளிகளாக அமர்ந்து பிரிட்ஜ் ஆடினார்கள். இஸ்பேடில் நான்கு கேட்டு ஏலம் எடுத்த ஆட்டத்தைக் கணவர் கோட்டைவிட்டார். வாக்குவாதம் முற்றி அவர் மனைவியை அறைந்தார். அன்றிரவே மனைவி அவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். 1931-இல் நடுவர் குழு அந்தப் பெண்ணை விடுதலை செய்தது. ரம்மியில் கூட்டாளி கிடையாது என்பது ஓர் ஆறுதல்தான். இருப்பினும், அவர் தாமாகக் கேட்டால் ஒழியக் கற்றுக்கொடுக்க முன்வராதீர்கள். அவருக்கு வேண்டியது நீங்கள் ஆடும் ஆட்டத்தில் ஓர் இடமன்று. ஆட்டம் இல்லாத நேரத்தில் ஓர் இடம். அவருக்குப் பிடித்தது பல்லாங்குழியோ தாயமோ தொலைக்காட்சித் தொடரோ எதுவாயினும், நீங்கள் அதில் தோற்கும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். என் அத்தை ஒருவர் தாயத்தில் கள்ளாட்டம் ஆடுவார். மாமாவுக்கு அது தெரியும், நாற்பது ஆண்டுகள் தெரியாததுபோல் இருந்தார். அந்த வீட்டில் நான் சண்டையே பார்த்ததில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் பதினோரு நாள் மௌனத்தைப் பார்த்ததில்லை.

பேரனைப் பற்றி நான் கவலைப்படவில்லை. பத்துக்குப் பின் ஜாக்கி என்பதை ஓர் ஆசிரியர் இரண்டே நாளில் திருத்திவிடுவார். அவனோடு ஆடுங்கள், ஒரே நிபந்தனை: பைசா கணக்கு வேண்டாம், நோட்டும் வேண்டாம். வெற்றிக்குப் புளியங்கொட்டை போதும். கூட்டல் கழித்தல் நன்றாக வரும், தோற்றால் அழாமல் இருக்கவும் பழகிக்கொள்வான்.

ஒரு கடைசிச் செய்தி, இதை மட்டும் சிரிக்காமல் படியுங்கள். பத்துப் பைசா என்றைக்காவது பத்து ரூபாயானால், தோற்றதை மகனிடம் குறைத்துச் சொல்லவேண்டிய தேவை வந்தால், ஓய்வூதியத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுக்கத் தோன்றினால், ஆடாத நாளில் கை நடுங்கும் அளவுக்கு எரிச்சல் வந்தால், இந்தப் பதிலை ஒதுக்கிவைத்துவிட்டு நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உங்களுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். உங்கள் குழுவில் எவருக்காவது தேவைப்படலாம், நான்கு பேரின் முகத்தையும் தினமும் பார்ப்பவர் நீங்கள்.

ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கம் இருந்தால் போதும். எந்த முழங்கால் என்பதை முதல் வரியில் குறிப்பிடுங்கள். இப்போது எத்தனை பாகை மடங்குகிறது என்பதையும் எழுதினால் மகிழ்வேன். 1994-ஆம் ஆண்டுக் கையை மறுபடி எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனநல ஆலோசகர்

பி.கு.: அந்தக் கையை நான் எண்ணிப் பார்த்தேன். நீங்கள் எழுதியிருப்பதில் பன்னிரண்டு சீட்டுகள்தாம் இருக்கின்றன.